பீலியில் கழுவிய மண்

கீழ்ப்பிரிவு,
பதுளை.
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகன் நிமலனுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

இங்கு நானும் அப்பாவும் தங்கச்சி நிஷாந்தினியும் காய்ச்சல் தலைவலி என்று படுக்காமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்த வெயிலில் உடம்பு வாடாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடதாசி என்று நினைப்பாய். லயத்துக் காம்பராவில் இருந்து பேசினால் இந்தப் பக்கத்து வீடும் அந்தப் பக்கத்து வீடும் சேர்ந்து கேட்கும், குரல் செய்தி அனுப்பினால் அது யார் யார் போனில் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. உன் கம்பனியில் வேலை செய்கிற தாஸிம் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறார், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவர் அக்கா ஷிப்னாவின் கடையில் இதைக் கொடுத்துவிடுவேன். கூடவே தேயிலைத் தூளும் வறுத்து இடித்த மிளகாய்த் தூளும் கொஞ்சம் நெத்தலியும் வைத்திருக்கிறேன், நெத்தலியை இரண்டு உறை போட்டுக் கட்டியிருக்கிறேன், மணக்கிறது என்று அவர் ஏதும் சொன்னால் பொறுத்துக்கொள்.

புதன்கிழமை நீ அனுப்பிய குரல் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். 'அம்மா, மாமாவ காட்டிக் குடுத்துறாதீங்க, அவருதானே ஆளப் புடிச்சி என்னைய இங்க அனுப்பி வச்சாரு' என்று தொடங்கினாய், அதில் எனக்குக் கோபமில்லை, நன்றி உள்ள பிள்ளை என்றுதான் நினைத்தேன். 'இங்கயும் அப்பிடித்தாம்மா, பேர் இல்லாத ஆளுகள வச்சித்தான் எல்லா வேலயும் ஓடுது, அத யாரும் பெருசா எடுத்துக்கிறதில்ல' என்று முடித்தாயே, அதைக் கேட்ட பிறகு சோறு இறங்கவில்லை. அதற்குப் பதில்தான் இது. வருகிற வியாழக்கிழமை லேபர் ஒபிசில் விசாரணை வைத்திருக்கிறார்கள். புவனேந்திரன் எல்ல டவுன் பக்கம் உன் ரமேஸ் மாமா கூட்டிப்போன வேலையில்தான் அடிபட்டான் என்று மாமாவின் முகத்துக்கு நேரே நான் சொல்லப் போகிறேன். சொல்லாவிட்டால் அவன் விறகுக்குப் போய் விழுந்தவனாகவே ஆயுசுக்கும் கட்டிலில் கிடப்பான், ஒரு சதம் நட்டஈடு கிடைக்காது. ரமேஸ் என் தம்பிதான், கூடப் பிறந்தவன்தான். முழுவதையும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

புவனேந்திரனை உனக்கு மறந்திருக்காது, மேல் லயத்தில் இருந்து பந்து பொறுக்க வந்து கடைசியில் உங்கள் எல்லாரையும் ஆட்டமிழக்கச் செய்துவிட்டுப் போவானே அவன்தான். தனுஜாவைக் கட்டி ஒரு பெண் குழந்தை, இன்னும் நடக்கத் தொடங்கவில்லை. தனுஜா தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து எடுக்கிறாள், அதனால் குழந்தையை நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் விடலாம். அவன் பேர் எங்கேயும் இல்லை. தோட்டத்தில் ஆள் தேவைப்படுகிற நாளில் கைக்காசுக்குப் புல் வெட்டுவான், மற்ற நாளில் மாமாவின் சின்ன லொறியில் ஏறி எல்லப் பக்கம் ஹோட்டல் கட்டுகிற வேலைக்குப் போவான். பெரும்பாலான பையன்களுக்கு இப்போது அதுதான் பிழைப்பு. அவர்கள் ஒவ்வொருவனும் மாமாவின் கண் முன்னே வளர்ந்தவர்கள், ஆனால் கொழும்பு மொதலாளிக்குப் போன் எடுக்கும்போது 'இன்னைக்குப் பதினாலு தல ஏத்திட்டேன் சேர்' என்பான். அதைப் பல காலை கேட்டிருக்கிறேன், பாண் வாங்குகிற கணக்கு மாதிரி காதில் விழுந்து போய்விடும். அது எவ்வளவு அசிங்கமான பேச்சு என்று பிறகுதான் உறைத்தது.

சம்பவம் நடந்த செவ்வாய்க்கிழமை தனுஜா காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு முந்திப் போய்விட்டாள், புவனேந்திரன்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான். விடாத மழை, தலையில் உரப்பையைக் கொங்காணி மாதிரி மடித்துப் போட்டிருந்தான். 'அக்கா, பால் போத்தல் பையிலயே இருக்கு, இவ சத்தம் போட்டா பயந்துறாதீங்க, அவங்கம்மா மாதிரி சும்மா அதட்டிப் பாப்பா' என்றான். இந்த மழையில் போகத்தான் வேண்டுமா என்று கேட்டேன். 'வெள்ளக்காரன் குளிக்கிறதுக்குக் குளம் வெட்டுறோம்க்கா, மழ பேஞ்சா ரொம்புறதுக்கு லேசுதானே. நம்ம பீலிக்கு ஒரு நல்ல பைப்பு போட்டுக் குடுக்கத்தான் ஒருத்தனுமில்ல' என்று சிரித்தான். மேல் ரோட்டில் மாமா ஹோர்னை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். 'அண்ணே ஹோர்ன் அடிச்சே மலையப் பேத்துருவாரு போல' என்று சொல்லிக்கொண்டே ஓடினான். அவன் ஓடி நான் பார்த்தது அதுதான் கடைசி.

பகல் சாப்பாடு கொடுத்துப் பிள்ளைகளைத் தூங்கப் போட்ட நேரம் லொறி திரும்பி வந்தது, வேலை முடியாமல் ஏன் வருகிறது என்று எட்டிப் பார்த்தேன். பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில் மலைத் தண்ணீர் விழுகிற பீலியடியில் நிறுத்தி, நாலு பேர் கையையும் காலையும் பிடித்து ஒருவனை இறக்கினார்கள், நெஞ்சுக்குக் கீழே முழுக்கச் செம்மண். குடித்துவிட்டு விழுந்தவன் என்றுதான் முதலில் நினைத்தேன். மாமா ஓடி வந்து 'அக்கா, ஒரு வாளியும் சவுக்காரமும் குடு, சுருக்கா' என்றான். என்னடா ஆச்சு என்றதற்கு 'வழுக்கிட்டான்க்கா, ஒன்னுமில்ல' என்றான். பிள்ளைகளுக்குக் கை கால் கழுவுகிற நீல வாளியைக் கொடுத்தேன். அவனைக் கல்லில் சாய்த்து, கால்சட்டையைக் கழற்றி, முதுகிலும் தொடையிலும் விரல் இடுக்கிலும் நகத்துக்குள்ளும் இருந்த மண்ணைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். புவனேந்திரன் கத்தவில்லை. என்னைப் பார்த்து 'அக்கா, என் காலு எங்க இருக்குன்னே தெரியல' என்றான், செருப்பைத் தொலைத்தவன் கேட்பது மாதிரி. துவட்டி, சுத்தமான சாரம் உடுத்தி, மேலே மலை ஓரத்தில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள், பக்கத்தில் ஒரு கத்தியும் கயிறும் கொஞ்சம் விறகும் வைத்தார்கள். அதன் பிறகுதான் ஆம்புலன்சுக்குப் போன் போனது. 'வெறகுக்குப் போன எடத்துல விழுந்துட்டாரு' என்று மாமா சொன்னது என் காதில் விழுந்தது. அவன் குழந்தை உள்ளே ஏணைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது.

நடந்தது என்னவென்று பையன்கள் பிறகு ஆளுக்குக் கொஞ்சமாகச் சொன்னார்கள். சீசனுக்கு முந்தி குளம் முடிய வேண்டும் என்று அவசரம், மண்ணைச் செங்குத்தாக வெட்டி ஒரு முட்டுக்கூடக் கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள், மழையில் ஊறி அப்படியே உட்கார்ந்துவிட்டது. கையாலும் மண்வெட்டியாலும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். வருகிற வழியில் ஆஸ்பத்திரி இருக்கிறது, அதைத் தாண்டித்தான் லொறி வந்தது. முதுகெலும்பு ஒடிந்தவனை அசைக்கவே கூடாது, யார் இப்படித் தூக்கினது என்று வார்டில் நர்ஸ் தனுஜாவைக் கேட்டாராம். தனுஜா வாயைத் திறக்கவில்லை, பக்கத்தில் மாமா ஒரேஞ்ச் பழப் பையோடு நின்றிருக்கிறான். புவனேந்திரனும் விறகு என்றே சொல்லியிருக்கிறான், தான் உண்மையைச் சொன்னால் மற்றப் பையன்களுக்கு நாளைக்கு வேலை இல்லாமல் போகும் என்று பயம். நான் எத்தனையோ தேசத்துக் கதைகளை லைப்ரரியில் இருந்து கொண்டுவந்து படிக்கிறவள் என்று உனக்குத் தெரியும், அவற்றில் கொடுமை செய்கிறவன் வந்தால் ஏதோ ஒரு விதத்தில் அடையாளம் தெரிந்துவிடும். மாமா மெதுவாகத்தான் கழுவினான் நிமலா, கழுவும்போது அவனுக்குக் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பேப்பரில் நம் ஆட்கள் செத்தால் 'தவறி விழுந்து' என்று போடுவார்கள், நானும் அட பாவமே என்று பக்கத்தைத் திருப்பிவிடுவேன். இனி அந்தச் சொல்லைப் பார்க்கும்போது எனக்குச் சவுக்கார வாசம்தான் வரும்.

இதைவிட மோசமானது நம் ஆட்கள் செய்தது. மண் ஏன் சரிந்தது என்று லயத்தில் பேச்சு வந்தபோது முட்டுக் கொடுக்காததை யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். பூசாரி மாடசாமி எழும்பி 'மண்ணுல கைய வைக்க முன்ன அந்த மலைக்கு ஒரு சேவல் குடுத்தீங்களாடா?' என்று கேட்டார். கொடுக்கவில்லை. உடனே எல்லாருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. தோட்டத்தில் கவ்வாத்து வெட்டத் தொடங்குகிற நாளில் துரை சேவலும் சாராயமும் கொடுப்பதும், கவ்வாத்துச் சாமிக்கு அதை அறுத்த பிறகே தேயிலையில் கத்தி வைப்பதும் நீ பார்த்து வளர்ந்ததுதான். வேலை வாங்குகிறவன் நம் உயிருக்குத் தரவேண்டிய காவல் என்றால் நமக்குத் தெரிந்தது அந்தச் சேவல் ஒன்றுதான். தலைக்குத் தொப்பி கேட்டதில்லை, பேரை எழுதச் சொல்லிக் கேட்டதில்லை, சேவல் வராவிட்டால் மட்டும் ரோசம் வரும். எனக்குச் சாமி மேல் ஒரு குறையுமில்லை, நானும் கும்பிடுகிறவள்தான், ஆனால் சாமி தலையில் இப்படிப் பழியைப் போடுவது எந்தப் பக்தியில் சேர்த்தி. சேவல் கொடுக்கவில்லை என்ற ஆட்களின் கோபத்தைக் கண்டதும் மாமாவின் முகம் தெளிந்துவிட்டது. அங்கேயே மொதலாளிக்குப் போன் போட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான். அவர் 'ஒரு கிடா போதுமா, ரெண்டு வேணுமா ரமேஸ்?' என்று கேட்டார். ஆட்கள் ரெண்டு என்று கத்தினார்கள். ஒரு மனிதனுடைய இடுப்புக்கு என்ன தருகிறாய் என்று ஒரு வாய் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை முனியாண்டிக்குப் பூசை நடந்தது. பெண்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது, அந்தக் கறியைத் தொடக் கூடாது, மிச்சத்தைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, அதெல்லாம் உனக்குத் தெரிந்தது. பொழுது சாய்கிற நேரம் அப்பா வந்தார், தண்ணீர் கொடுக்கும்போது உள்ளங்கை கறுத்திருப்பதைப் பார்த்தேன். சூடம் அடித்திருக்கிறார். எரிகிற சூடத்தைக் கையால் அணைத்து எல்லா ஆண்களும் சத்தியம் செய்திருக்கிறார்கள், அன்றைக்கு நம் லயத்து ஆம்பிளை ஒருத்தனும் எல்லப் பக்கம் போகவில்லை என்று. கறி பரிமாறுவதற்கு முந்தி மாமாதான் அதைக் கேட்டு வாங்கியிருக்கிறான். அப்பா அந்தச் செவ்வாய்க்கிழமை முழுக்க மலையில் தண்ணீர் ஓடுகிற கான் வெட்டிக்கொண்டிருந்தவர், யார் எங்கே போனார்கள் என்று அவருக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். 'எல்லாரும் அடிச்சாங்க கம்சலா, நான் மட்டும் எப்பிடி சும்மா நிக்கிறது' என்றார். லொறியில் போன பையன்களும் அடித்தார்கள். தங்கள் கையால் தோண்டி எடுத்தவனைத் தாங்கள் அங்கே போகவே இல்லை என்று கைவிட்டுவிட்டு, அதே கையால் சூடத்தை அணைத்து, அதே கையால் தின்றிருக்கிறார்கள். வீட்டுக்குள் கழுவாதீர்கள், பீலிக்குப் போங்கள் என்றேன், சொன்ன பிறகுதான் அந்தப் பீலியில் கழுவியதும் நினைவுக்கு வந்தது. அப்பாவோடு இப்போது சமையல் பேச்சு மட்டும்தான். நீ அவரை ஒன்றும் கேட்காதே, ஏற்கெனவே கூனிப் போயிருக்கிறார்.

மறுநாள் தனுஜா குழந்தையை எடுக்க வந்தாள். சத்தியத்தை மீறினால் சாமி கண்ணைப் பிடுங்கும் என்று பையன்கள் ஒவ்வொருவரும் அவளிடம் தனித்தனியாகச் சொல்லிவிட்டார்களாம், ஒருத்தனும் சாட்சிக்கு வரமாட்டான். அழுவாள் என்று பார்த்தேன். 'ஆம்பளைகளுக்கெல்லாம் வாயக் கட்டியாச்சு, சரி. நம்மளத்தான் பூசைக்கே சேக்கலயேக்கா, நம்மகிட்ட எவன் சூடத்த நீட்டுனான்?' என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பல நாளைக்குப் பிறகு சிரித்தேன். மாமா எல்லாவற்றையும் யோசித்தான், பிள்ளைக்காம்பராவில் ஒருத்தி வாளியோடு நின்றதை மறந்துவிட்டான், அல்லது அக்காதானே என்று விட்டுவிட்டான்.

திங்கட்கிழமை லீவு போட்டு தனுஜாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு பதுளைக்குப் போனேன். ஒபிசர் சம்பளச் சிட்டை கேட்டார், ஈ.பி.எப். நம்பர் கேட்டார், வேலைக்கு எடுத்த கடிதம் கேட்டார், எதுவுமில்லை. 'அப்ப இவர் அங்க வேலை செஞ்சாருன்னு எப்பிடிம்மா சொல்றது?' என்றார். தனுஜா குழந்தையைத் தூக்கி அவர் மேசை மேல் உட்கார வைத்து 'இவள இந்த அக்காகிட்ட விட்டுட்டுத்தான் போனாரு சேர். வெறகுக்குப் போறவருக்கு லொறி எதுக்கு ஹோர்ன் அடிக்கிது?' என்றாள். குழந்தை அவர் பேனையைப் பிடித்துக்கொண்டது. அவர் கெட்டவரில்லை. பேர் எழுதாவிட்டாலும் வேலை வாங்கினது வேலை வாங்கினதுதான், ஆனால் கண்ணால் பார்த்த ஒரு வாயாவது வேண்டும் என்றார். பார்த்ததைச் சொன்னேன். ஆள் ஏற்றினவர் பேர் கேட்டார், சொன்னேன். உங்களுக்கு ஏதும் சொந்தமா என்றார். கூடப் பிறந்த தம்பி என்றேன். அப்போதுதான் எழுதுவதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். 'யோசிச்சுக்குங்கம்மா, விசாரணையில அவரு முன்னுக்கு இதையே திரும்பச் சொல்லணும்' என்றார். யோசித்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன், ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது பாதி வழியில் இறங்கிப் போய் எழுதினதை அடித்துவிடச் சொல்லலாமா என்றும் நினைத்தேன், உன்னிடம் மறைப்பதற்கு என்ன.

செவ்வாய் பின்னேரம் மாமா வந்தான், உள்ளே வரவில்லை, வாசலில் நின்றான். 'ஒரே வயித்துல பொறந்தவன்னு கொஞ்சமாவது நெனச்சியாக்கா?' என்றான். பிறகு 'நான் என்ன மொதலாளியா, என் பேருந்தான் எங்கயும் எழுதல. நாளைக்குப் பிரச்சினைன்னா அந்த ஆளு ரமேஸ் யாருன்னு கேப்பான்' என்றான். அது உண்மைதான், அதைக் கேட்டு எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அப்படியானால் நீயும் வந்து அதையே சொல்லு என்றேன், இரண்டு பேரும் சேர்ந்து சொல்வோம் என்றேன். துப்பிவிட்டுப் போனான். போய்த்தான் உனக்குப் போன் எடுத்திருக்கிறான். உன் வேலைக்கு ஏதாவது வந்துவிடும் என்று பயப்படுகிறாய், எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. வந்தால் வீட்டுக்கு வா, இருக்கிறதைத் தின்போம்.

நீ முதல் மாதம் அனுப்பிய படத்தை நான் லயம் முழுக்கக் காட்டியவள். மஞ்சள் தொப்பி போட்டு, கழுத்தில் கம்பனி அட்டை தொங்க, சூப்பவைசர் என்று நிற்கிறாய். நேற்று அதைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். உனக்குப் பின்னால் தொப்பியில்லாமல் தலையில் துணி கட்டிக்கொண்டு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி கொஞ்சப் பேர் நிற்கிறார்கள், அவர்கள் கழுத்தில் அட்டை இல்லை. இத்தனை நாளும் அவர்களை நான் பார்க்கவே இல்லை, உன்னைத்தான் பார்த்தேன். நீ சொன்ன பேர் இல்லாத ஆட்கள் அவர்கள்தானே. பேர் இல்லாமல் யாரும் பிறப்பதில்லை மகனே, எழுதாமல் விடுகிறவர்கள்தான் இருக்கிறார்கள். உன்னைப் பெறும்போது எனக்குப் பதினெட்டு வயது, நீ இங்கே இருந்தபோது பஸ்ஸில் உன்னை என் தம்பியா என்று கேட்டவர்கள் உண்டு, உனக்குப் புத்தி சொல்லுகிற அளவுக்கு நான் பெரியவளா என்று தெரியவில்லை. ஆனால் என் தம்பி வாளி கேட்டபோது கொடுத்தேன், நாளைக்கு என் மகன் யாரிடமாவது வாளி கேட்பான் என்று நினைத்தால் தாங்க முடியவில்லை.

வேறு விசேஷமில்லை. நிஷாந்தினிக்குச் சோதனை நெருங்குகிறது, மேசை விளக்கு கேட்கிறாள். நீல வாளியைப் பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருக்கிறேன், கழுவவும் மனமில்லை, எறியவும் மனமில்லை, வியாழக்கிழமை கொண்டுபோனால் என்ன என்றும் யோசிக்கிறேன். நீ தண்ணீர் நிறையக் குடி, பகலில் தலையை மூடிக்கொள், சனிக்கிழமைகளில் எண்ணெய் வைக்க மறக்காதே. முனியாண்டியோ முருகனோ, கேட்கிற சாமி எதுவானாலும் உன் கை காலுக்கு ஒரு குறை வராமல் காக்கட்டும், உன்னிடம் வேலை செய்கிறவர்களுடைய கை காலுக்கும் வராமல் காக்கட்டும். இதற்குப் பதிலைப் போனில் சொல்லாதே, தாஸிம் அடுத்து யாரிடமாவது கொடுத்தனுப்புவார்.

ஒன்றை மட்டும் மறக்காதே. இது கையில் கிடைத்த மறுநாள் காலையில் படத்தில் உனக்குப் பின்னால் நிற்கிற அந்த ஆட்கள் வேலைக்கு வந்து பஸ்ஸில் இருந்து இறங்கும்போது ஒவ்வொருவரிடமும் பேரைக் கேள். பேரைக் கேட்ட பிறகு, பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேள். அவர்கள் சொல்வதை அப்படியே எனக்கு எழுது.

உன் நன்மையையே நினைத்திருக்கும்
அம்மா,
கம்சலா.